இரண்டு ரப்பர் வளையம்

மை டப்பாக்களுக்கு வளையம் மாட்டி வைத்திருந்தேன்.
கறுப்புக்கு ஒன்று. நீலத்துக்கு இரண்டு.
சிவப்புக்கு மூன்று.
குளிரில் ரப்பர் வெடித்து அறும்.
அறுந்ததை யாரிடமும் சொல்லாது.

ஓலசுண்ட் துறையில், பழைய மீன் கிடங்கின் மாடியில்
ஒட்வாரும் நானும் ஒரே அச்சுப்பொறியைப் பங்கிடுகிறோம்.
வாடகை பாதிக்குப் பாதி. காப்பி அவன் செலவு.
பேரி மரப்பலகையில் நான் செதுக்குவது
ஏழரை மணிப் படகு.

கண் இருந்தபோதும் அதை வரைந்திருக்கிறேன்:
வெள்ளை உடல், புகைபோக்கி, மேலே நாலு கடற்காகம்.
இப்போது அது அப்படி வருவதில்லை.
முதலில் உள்ளங்காலுக்கு வருகிறது,
தரைப்பலகை வழியே, ஒரு பூனை உறுமுகிற அளவு.
பிறகு டீசல்.
பிறகு இரும்புச் சாய்தளம் கரையில் விழுகிற அடி.
அந்த அடியில் என் பற்கள் ஒன்றையொன்று தொடும்.
ஆகவே பலகையில் பாதி இடம் சாய்தளத்துக்கு.
புகைபோக்கி கிடையாது.
நாங்கள் சந்தித்துப் பதினோரு வருடமாகிறது.

இருட்டில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார்கள்.
இருட்டு எங்கே இருக்கிறது?
எனக்குள் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி,
நிலையம் மூடிய பிறகும் அணைக்காமல் விட்டது.
சாம்பல் புள்ளிகள், ஓரத்தில் கொஞ்சம் பச்சை,
தூக்கத்திலும் கொதிக்கிற உலை.
நல்ல கறுப்பு எங்காவது கிடைத்தால்
ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பேன்.

மையைக் காதால் அளக்கிறேன்.
உருளை அதிகம் குடித்தால் சப்புக்கொட்டும்,
குறைவாய்க் குடித்தால் மணலாய் உரசும்.
நடுவில் ஒரு சத்தம் உண்டு,
ஈரப் பட்டை மெல்ல உரித்தெடுப்பது போல.
அங்கே நிறுத்துவேன்.
பிறகு காகிதம். பிறகு சக்கரம்.
அத்தோடு என் வேலை என்னை விட்டுப் போய்விடும்.
தாள் வழவழவென்று இருக்கும், அதில் எனக்கென்று எதுவுமில்லை.
சாய்தளம் எனக்கு வலப்பக்கம்,
அச்சில் உங்களுக்கு இடப்பக்கம்.
நாம் ஒரே படகில் ஏறியதேயில்லை.

அந்த மார்ச்சில்
மூன்றில் ஒன்று அறுந்து இரண்டானது.
ஒட்வார் மோல்டேவில் பல் பிடுங்கப் போயிருந்தான்.
பன்னிரண்டு தாள் எடுத்தேன், கொடியில் உலரவிட்டேன்.
திரும்பி வந்தவன் வெகுநேரம் கோட்டைக் கழற்றவில்லை.
"குன்வோர், கடல்..."
"கடலுக்கென்ன?"
"சிவப்பு."
சிரித்தோம். அவனுக்குத் தையல் பிரிந்தது.
தாள்களை அடுப்பு மூட்ட ஒதுக்கினோம்.
ஒன்றை மட்டும், குறும்புக்கு,
அவன் பெர்கன் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டான்.

அகக்கண் என்று எழுதினார்கள்.
நான் ரப்பர் என்றேன்.
தொலைபேசியில் அந்தப் பெண் உருகினாள்: "எவ்வளவு அடக்கம்!"
சரியான நீலத்தில் எடுத்ததை அனுப்பினேன்.
தீவிரம் போதவில்லை என்று திரும்பி வந்தது.

ஒட்வார் டப்பாவை மாற்றி எடுத்தால் அது கவனக்குறைவு.
நான் எடுத்தால் தரிசனம்.
ஒரு சாதாரணத் தவறைச் செய்துவிட்டு
தலையில் அடித்துக்கொள்ளும் உரிமையை
கண்ணோடு சேர்த்து எங்கே தொலைத்தேன்?
(பணத்தை வாங்கிக்கொண்டேன். நாலு மாத வாடகை.
அதை மறைப்பானேன்.)

இப்போது டப்பாக்களில் செம்புக் கம்பி.
இன்று பலகையைக் கழுவித் துடைத்தேன்.
சாய்தளத்துக்குக் கீழே கட்டைவிரல் தடுக்குமிடம்
கத்தி வழுக்கியது. எனக்கு மூன்று தையல்.
மயிரிழைக் கீறல், மை நிரம்பி மூடிவிடும்,
எந்தத் தாளிலும் விழவில்லை என்கிறான் ஒட்வார்.
எனக்கு அங்கேதான் தண்ணீர் நகர்கிறது.

பொறு.
உள்ளங்காலில் பூனை.
இன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டது.